இரண்டு பக்கமும் தலை

கனகலிங்கம் அண்ணை மருந்துக் குளிசைப் போத்தலைக் கவிழ்த்து மேசையில் தட்டினார். முதலில் பஞ்சு விழுந்தது. திரும்பத் தட்ட, இன்னும் கொஞ்சம் பஞ்சு விழுந்தது. அதற்குப் பிறகுதான் காசு விழுந்தது.

வெள்ளைக்காரன் காலத்து ஒரு சதம். மேலே மன்னரின் தலை. அவர் அதைச் சுட்டுவிரலால் புரட்டிப் போட்டார். மறுபக்கத்திலும் அதே மன்னரின் தலை.

"தம்பி, உதை ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியோணும்," என்றார். "பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் தெரியோணும்."

மாரி விட்டிருந்த ஒரு காலை அது. சண்டிலிப்பாயிலிருந்து இணுவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். சைக்கிளின் பின்கரியரில் தண்ணீர்க் கான் கட்டியபடியே இருந்தது.

ஒரு காசைப் பார்த்துக் காரணம் சொல்ல நான் வழக்கமாக ஒரு கிழமை எடுப்பேன். நாலு மணி என்ன கணக்கு என்று கேட்டேன்.

"ஆசுபத்திரியிலை ஆக்களைப் பாக்க விடுறது அப்பதான்."

அவருடைய தமையன் அருளம்பலம் நெஞ்சில் நீர் கோத்து வார்ட்டில் கிடந்தார். தமையனின் மகள் முதல்நாள் இவருடைய வீட்டு வாசல் படலையடிக்கு வந்து, "சித்தப்பா, அப்பா உங்களைக் கேக்கிறார்," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இந்தச் சகோதரர்கள் இளந்தாரிகளாக இருந்த காலத்தில் கதையை விட்டவர்கள். அதற்குப் பிறகு கதைக்கவே இல்லை.

"உது அண்ணை செய்விச்ச காசெண்டால் நான் போகமாட்டன். இல்லையெண்டால் போவன். நீர் சொல்லும்."

குசினி வாசலில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்ற என் மனைவி சறோ எட்டிப் பார்த்தாள். "உவரிட்டைக் கேட்டால் பொழுதுபட்டிடும் அண்ணை. காசைப் பாக்காமல் நேரை ஆசுபத்திரிக்குப் போங்கோ," என்றாள்.

நல்ல யோசனைதான். ஆனால் நல்ல யோசனைகளைக் கேட்டு நடக்கிற ஊரில் நாங்கள் இருவரும் பிறக்கவில்லை.

முந்தியா, பிந்தியா

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் வாகனக் காப்புறுதியில் நட்டம் மதிப்பிட்டவன். நெளிந்த கார்களைப் பார்த்து, நெளிவுக்குக் காரணம் எழுதுவது என் தொழில். யாரில் பிழை என்று எழுதுவதில்லை. எதனால் நெளிந்தது, விபத்துக்கு முந்தி நெளிந்ததா பிந்தி நெளிந்ததா, அவ்வளவுதான்.

ஒருமுறை ஒருவர் தன் கார் மாட்டில் மோதிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நெளிவுக்குள் சுண்ணாம்பு அப்பியிருந்தது. மாடு வெள்ளையடித்திருந்ததா என்று கேட்டேன். வெள்ளை மாடு என்றார். நான் மதில் என்று எழுதினேன். அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் ஒழுங்கை மாறித்தான் போவார்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய காசுகளில் கை வைத்தேன். காசும் காரைப் போலத்தான். அதில் உள்ள பழுது நாணயச்சாலையிலேயே வந்ததா, வெளியே வந்த பிறகு யாராவது செய்ததா என்பதுதான் கேள்வி.

இதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. காசின் முகத்தில் ஒரு கோடு இருந்தால் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளமாக இருந்தால் யாரோ கீறியிருக்கிறார்கள். மேடாக இருந்தால் காசு அடித்த அச்சில் வெடிப்பு இருந்திருக்கிறது. வெடிப்புக்குள் உலோகம் புகுந்து மேடாக வந்திருக்கிறது. ஓரத்தில் பிறைபோல ஒரு துண்டு இல்லையா? தட்டை வடைக்கு மாவைப் பரப்பி, போத்தல் மூடியால் வட்டம் வெட்டும்போது, முன்பு வெட்டிய இடத்தில் மூடி கொஞ்சம் ஏறினால் என்ன வருமோ அதுதான் அது. காசு அடிப்பதற்கும் முதலில் தகட்டில் வட்டம் வெட்டித்தான் எடுக்கிறார்கள்.

இப்போது கைத்தொலைபேசியில் யாரோ பிழைக் காசுக்கு இலட்சக்கணக்கில் விலை சொல்கிறார்களாம். அதனால் எங்கள் படலை ஓய்வதில்லை. வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவர் மாங்காய்ப் பிளவுபோல் நீண்டு தட்டையான காசு ஒன்றைக் கொண்டுவந்து, நாணயச்சாலைப் பிழை என்றார். ரயில் ஏறிய காசு என்று சொன்னேன்.

"வல்வெட்டித்துறைக்கு ரயில் வாறேல்லையே," என்றார்.

"காசு போயிருக்கும்," என்றேன்.

தலையோ பனையோ

கனகலிங்கம் அண்ணையின் காசுக்கு வருகிறேன்.

தகப்பன் காலமான பிறகு சண்டிலிப்பாய்க் காணியை இரண்டாகப் பிரிக்க வேண்டி வந்தது. ஒரு துண்டில் நல்ல தண்ணிக் கிணறு. மற்றத் துண்டில் மண் நல்லது, ஆனால் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணி. யாருக்கு எது என்று தாய்மாமனைக் கேட்டார்கள். மாமா, காசு சுண்டிப் பார்ப்போம் என்றார்.

சும்மா காசு சரிவராது, சாமிக் காசு பொய் சொல்லாது என்று அவரே சாமியறைக்குள் போய், அங்கே தொங்கிய மஞ்சள் முடிச்சை அவிழ்த்து அதற்குள் இருந்த காசை எடுத்து வந்தார். அது இவர்களுடைய தாய் முடிந்து வைத்த நேர்த்திக் காசு. கனகலிங்கம் அண்ணை குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாராம். பிள்ளை எழும்பினால் கந்தசாமியாருக்குப் போடுகிறேன் என்று ஒரு சதத்தில் மஞ்சள் பூசி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார் தாய். பிள்ளை எழும்பிவிட்டது. காசு கோயிலுக்குப் போகவில்லை. இன்றைக்குப் போடுவோம், நாளைக்குப் போடுவோம் என்று இருந்து, தாயும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த முடிச்சு அப்படியே தொங்கியது.

கடவுளுக்குக் கொடுக்க வேண்டிய காசை எடுத்துக் காணி பிரிக்கச் சுண்டுவது எங்களுடைய ஆட்களால் மட்டுமே முடிகிற காரியம்.

அந்தச் சதத்தில் ஒரு பக்கம் மன்னர், மறுபக்கம் ஒரு மரம். அது தாளிப்பனை. ஆனால் யாழ்ப்பாணத்தான் கண்ணுக்கு அது பனைதான். தாளிப்பனை என்று விளக்கம் சொல்லி நான் சில நட்புகளை இழந்திருக்கிறேன். ஆகவே தலையோ பனையோ என்றுதான் கேட்பது.

"இளையவன் கேக்கட்டும்," என்றிருக்கிறார் மாமா. கனகலிங்கம் அண்ணை பனை என்றார். தலை விழுந்தது. கிணறு தமையனுக்குப் போனது.

"கிணறுதான் போச்சு, அம்மான்ரை காசாவது இருக்கட்டும் எண்டு நிலத்திலை கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்திட்டன்," என்றார். "மஞ்சளும் ஊத்தையுமாய்க் கிடந்தது. அண்டைக்குப் பின்னேரமே புளி போட்டு மினுக்கிப் பாத்தால், ரெண்டு பக்கமும் தலை."

பழைய காசைப் புளி போட்டு மினுக்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு நரகம் இருக்க வேண்டும். குத்துவிளக்கையும் காசையும் ஒன்றாகப் பார்க்கிற இனம் நாங்கள்.

"ஆனால் பனை எண்டு கேட்டது நீங்கள்தானே," என்றேன்.

"நான் சின்னனிலை இருந்து எப்பவும் பனைதான் கேக்கிறனான். அது அண்ணைக்கு நல்லாத் தெரியும்."

தமையன் ஒரு தட்டாரைப் பிடித்து இரண்டு தலைக் காசு செய்வித்து, முடிச்சுக்குள் மாற்றி வைத்துவிட்டார் என்பது அவருடைய முடிவு. தாயின் உண்மையான காசை எங்கேயோ எறிந்துவிட்டார் என்பது அடுத்த முடிவு. கிணற்றைவிட அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் இதை அவர் தமையனிடம் கேட்கவே இல்லை. கதையை மட்டும் விட்டுவிட்டார்.

போரில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியபோது இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வகுப்பறைதான் கிடைத்திருக்கிறது. கரும்பலகையை நடுவில் வேலியாக நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகும் இவர் குடிக்கிற தண்ணீருக்குச் சைக்கிளில் கானைக் கட்டிக்கொண்டு, தமையனின் கிணற்றைத் தாண்டி, கோயில் கிணற்றுக்குப் போய் வந்திருக்கிறார். இப்போதும் போய் வருகிறார்.

ரொட்டி மா

காசை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

"இதிலை ரெண்டு தலை இல்லை," என்றேன். "ஒரு தலைதான் இருக்கு. மற்றது தலையின்ரை பள்ளம்."

"தலைதானே தெரியுது."

"தெரியிறது வேறை, இருக்கிறது வேறை. தலையெண்டால் மேடாய் இருக்கோணும். உது பள்ளம். உதை நான் ஒருநாளும் தலையெண்டு சொல்லமாட்டன்."

"தொடங்கிட்டார்," என்றாள் சறோ.

நான் குசினிக்குப் போய் அவளுடைய மாவில் ஓர் உருண்டை எடுத்து மேசையில் தட்டையாக்கினேன். என் பெட்டியிலிருந்து இதே மாதிரிப் பழுதில்லாத சதம் ஒன்றை எடுத்துத் தலைப்பக்கத்தை மாவில் அழுத்தினேன். எடுத்துக் காட்டினேன். மாவில் பள்ளமாக ஒரு தலை. காசில் இடப்பக்கம் பார்த்த மன்னர் மாவில் வலப்பக்கம் பார்த்தார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருந்தன. அவருடைய காசின் மறுபக்கத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று.

"காசு அடிக்கேக்கை மேலை ஒரு அச்சு, கீழை ஒரு அச்சு. அடிச்ச காசு சில வேளை கழலாமல் மேல் அச்சிலை ஒட்டிக்கொள்ளும். அடுத்த வட்டத் தகடு வந்து நிக்கும். கீழ் அச்சு அதுக்குத் தலையைப் போடும். மேலை பனை விழவேண்டிய இடத்திலை ஒட்டிக் கிடக்கிற காசின்ரை தலை வந்து குத்தும். அதாலை வந்த பள்ளம் உது. தட்டார் செய்திருந்தால் ரெண்டு தலையும் மேடாய் இருக்கும், விளிம்பிலை ஒட்டு இருக்கும். இதிலை ஒட்டு இல்லை."

அவர் விளிம்பை நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். என் காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத வக்கீல்மாரைக் கண்டிருக்கிறேன்.

"சரி, அண்ணை செய்விக்கேல்லை. இப்பிடியொரு காசை எங்கையாலும் கண்டெடுத்து முடிச்சுக்குள்ளை மாத்தி வைச்சிருக்கலாமே?"

வைத்திருக்கலாம். நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன்.

சுண்ணாம்பு

புளி எல்லா இடத்துக்கும் போகாது. பள்ளத் தலையின் மூக்கடியிலும் எழுத்துகளின் மூலைகளிலும் ஏதோ கெட்டியாக அடைந்து கிடந்தது. ஊசியால் மெல்லக் கிளப்பினேன். மேலே பச்சைக் களிம்பு. கீழே மங்கிய மஞ்சள். அதற்குக் கீழே திரும்பவும் பச்சை. அதற்கும் கீழே திரும்பவும் மஞ்சள். பழைய காரில் பெயிண்டைச் சுரண்டினால் ஒன்றின் கீழ் ஒன்றாக நிறம் வருமே, அப்படி.

"அம்மா முடிச்சை அவிழ்க்கிறவவோ?" என்று கேட்டேன்.

"வருசா வருசம் தைப்பொங்கலுக்கு அவிழ்ப்பா. புதுத்துணி மாத்தி, புது மஞ்சள் பூசி முடிவா."

"உங்களிட்டைச் சுண்ணாம்பு இருக்கோ?"

வெற்றிலை போடுகிற மனிதர். மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார். ஊசிமுனையில் இருந்த மஞ்சளை வெள்ளைப் பீங்கானில் தட்டி, அவருடைய சுண்ணாம்பில் ஒரு துளி தண்ணீர் விட்டுத் தொட்டு வைத்தேன். மூவரும் குனிந்து பார்த்தோம். மெல்ல மெல்லச் சிவந்தது. ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"மஞ்சள்," என்றாள் சறோ.

"அதுவும் ஒருநாளிலை பூசின மஞ்சள் இல்லை," என்றேன். "வருசக்கணக்காய்ப் படைபடையாய் ஏறினது. அண்ணை, இது மாத்தி வைச்ச காசில்லை. இதுதான் உங்கடை அம்மா முடிஞ்ச காசு."

அவர் காசைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"பள்ளம் முழுக்க மஞ்சள் அடைஞ்சு மட்டமாய் இருந்திருக்கும். கையாலை தடவினாலும் விளங்காது. முதல் பூசேக்கை அம்மாவும் கவனிச்சிருக்கமாட்டா, மாமாவுக்கும் தெரியாது, உங்கடை அண்ணைக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப எனக்கு மட்டும் என்னெண்டு தெரிஞ்சது?"

"நீங்கள் கழுவினபடியால். உங்கடை அண்ணையின்ரை சாட்சி முழுக்க அந்த மஞ்சளுக்குள்ளைதான் கிடந்தது. நீங்கள் புளி போட்டுத் தேய்ச்சு ஊத்திவிட்டியள்."

இதை நான் இன்னும் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம் என்று சறோ பிறகு சொன்னாள்.

"அம்மான்ரை காசோ," என்றார் அவர். இவ்வளவு காலமும் தமையன் களவு செய்ததற்கு அத்தாட்சி என்று பஞ்சில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் காவித் திரிந்தது, தான் உயிர் பிழைக்க வேண்டுமென்று தாய் முடிந்த காசை. அவர் அழுதார். சத்தம் போடாமல், மூக்கைச் சால்வையில் துடைத்துத் துடைத்து அழுதார். நெளிந்த கார்களுக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். இதற்குத் தெரியாது. சறோதான் தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்துக் குடிக்க வைத்தாள்.

வார்ட்டில்

எங்கள் காரில் போனோம். ஓட்டியது சறோ. அந்தக் காரில் உள்ள நெளிவுகளுக்கு இதுவரை யாரும் என்னிடம் காரணம் கேட்டதில்லை.

அருளம்பலம் அண்ணை கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். தம்பியைக் கண்டதும் ஒட்சிசன் முகமூடியைக் கழற்றினார்.

"வந்திட்டியோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் கதைக்காமல் இருந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கும் தெரியவில்லை. கடைசியில் கனகலிங்கம் அண்ணை காசை எடுத்துத் தமையனின் உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணை, உதைப் பாரணை."

தமையன் பார்த்தார். புரட்டினார். திரும்பவும் புரட்டினார். கனகலிங்கம் அண்ணை தான் நினைத்திருந்ததையும் இன்றைக்குக் காலை தெரிந்ததையும் சுருக்கமாகச் சொன்னார். தமையனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, தாதி திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கோ கதைக்காமல் இருந்தனீ? நான் கிணத்துக்கெண்டெல்லோ நினைச்சன்."

"கிணறு ஆருக்கு வேணும்?"

"மாமா உன்னைத்தானே முதல் கேக்கச் சொன்னவர். தலையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் கிணறு உனக்கு. நீ எப்பவும் பனைதான் கேப்பாய்."

காலையில் என் மேசையில் இதே வார்த்தையைத் தம்பி குற்றச்சாட்டாகச் சொன்னார். தமையன் சொன்னபோது ஒரு சின்னப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"இது கோயிலுக்குப் போகவேண்டிய காசு," என்றார் தமையன். "உனக்காக முடிஞ்சது. வாற வெள்ளிக்கிழமை கொண்டுபோய்ப் போட்டிடு."

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பார்த்த பழுதுக் காசுகளில் இதைவிடச் சிறந்த ஒன்று இல்லை. அதை எனக்குத் தாருங்கள் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. அது இப்போது கந்தசாமியாரின் உண்டியலுக்குள் போய்விட்டது. வாங்க விரும்பும் வாசகர்கள் எனக்கு எழுத வேண்டாம்.

"போடமுன்னம் ஒருக்கால் சுண்டு," என்றார் தமையன்.

"என்னத்துக்கு?"

"கிணத்துக்கு."

கனகலிங்கம் அண்ணை காசைப் பெருவிரலில் ஏற்றினார்.

"தலை," என்றார்.

காசு அதிகம் மேலே போகவில்லை. தமையனின் முழங்காலடியில், போர்வை மடிப்பில் விழுந்தது. இரண்டு பேரிடமும் கண்ணாடி இல்லை.

"தம்பி, நீர் பாத்துச் சொல்லும்," என்றார்கள்.

நான் குனிந்தேன். மேலே கிடந்தது பள்ளம். மன்னர் பிழையான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதிலை ஒருநாளும் மாடு என்று எழுதாதவன் நான். இதை ஒருநாளும் தலை என்று சொல்லமாட்டேன் என்று அன்று காலைதான் சொல்லியிருந்தேன். இரண்டு கிழவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று சறோவும் பார்த்தாள்.

"தலை," என்றேன்.

"அப்ப கிணறு உனக்கு," என்றார் அருளம்பலம் அண்ணை.

"நீயே வைச்சிரணை," என்றார் தம்பி. "குடிக்க மட்டும் வந்து அள்ளுறன்."